மாமாவின் பழைய லேத்தில் எதை முதலில் மாட்டுவது?

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாமா பட்டறையை மூடியதால் அவருடைய 6 அடி லேத் (கடைசல் இயந்திரம்) இவர் கைக்கு வந்திருக்கிறது. கோன் புல்லி (படிப்படியான பெல்ட் சக்கரம்), ஃபிளாட் பெல்ட், பேக் கியர் (வேகம் குறைக்கும் பல்சக்கரங்கள்), அங்குல லீட் ஸ்க்ரூ (மரை வெட்ட டூலை நகர்த்தும் நீளத் திருகு), மரை போட்ட ஸ்பிண்டில் மூக்கு (சுழலும் முதன்மைத் தண்டின் முனை). மோட்டார் 1 ஹெச்.பி. த்ரீ ஃபேஸ், ஆனால் கொட்டகையில் இருப்பது சிங்கிள் ஃபேஸ் இணைப்பு. பம்ப் ஷாஃப்ட், பவர் டில்லர் வேலைகள் செய்ய வேண்டும், கிடைத்தால் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு உருப்படிகளும் கடைய வேண்டும் என்கிறார். கையில் 40,000 ரூபாய். வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்கருவி), டி.ஆர்.ஓ. (ஸ்லைடு நகர்ந்த அளவைத் திரையில் காட்டும் கருவி), க்விக் சேஞ்ச் டூல் போஸ்ட் (டூலைச் சட்டென்று மாற்ற உதவும் பிடிப்பான்) மூன்றில் எதை முதலில் வாங்குவது, அல்லது லேத்தையே விற்றுவிடலாமா என்பது கேள்வி. நான் புரிந்துகொண்டபடி அவர் அறிய விரும்புவது இதுதான்: இந்த இயந்திரம் இன்னும் பணம் போடத் தகுந்ததா, தகுந்தது என்றால் எந்தக் குறையை முதலில் தீர்த்தால் வந்த வேலையைத் திருப்பி அனுப்பாமல் செய்யலாம்?

நான் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்து, திருச்சியில் வேலை பார்த்து, பிறகு கும்பகோணத்தில் சொந்தப் பட்டறை வைத்தவன். இரும்பு, பித்தளை, வார்ப்பு கடைவதில் அனுபவம் உண்டு. மின்சாரம் என் பட்டறைக்குத் தேவையான அளவுக்குத்தான் தெரியும். ஆகவே மோட்டார் இணைப்பைப் பற்றிக் கீழே சொல்வதை உங்கள் ஊர் எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

பணத்தை வெளியே எடுப்பதற்கு முன் இயந்திரத்தை அளந்து பாருங்கள். படம் பார்த்துப் பெட் (லேத்தின் நீண்ட அடித்தளம்) தேய்மானம் சொல்ல யாராலும் முடியாது. 40 மி.மீ. தடிமனுள்ள மைல்ட் ஸ்டீல் கம்பி ஒன்றைச் சக்கில் (வேலையைப் பிடித்துச் சுழற்றும் தலை) பிடித்து 200 மி.மீ. வெளியே நிற்கவிடுங்கள். டெயில் ஸ்டாக் (எதிர்முனைத் தாங்கி) முட்டுக் கொடுக்கக் கூடாது. சக்குப் பக்கம் ஒரு வளையம், கடைசி முனையில் ஒரு வளையம் விட்டு நடுப்பகுதியைக் கொஞ்சம் இறக்கிக் கடையுங்கள். அப்புறம் கூர்மையான டூலால் (வெட்டும் கத்தி), கிராஸ் ஸ்லைடை (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) தொடாமல், ஒரே அமைப்பில் இரண்டு வளையங்களையும் மெல்லியதாக ஒரு ஓட்டம் ஓட்டி மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.02 மி.மீ.க்குள் இருந்தால் நீங்கள் சொன்ன வேலைகளுக்கு அது நல்ல இயந்திரம். கடைசி வளையம் பெரிதாக வந்தால், டெயில் ஸ்டாக் பக்கத்து முன் காலை இம்மி இம்மியாக உயர்த்தி மறுபடி ஓட்டிப் பாருங்கள். முன் கால் தாழ்ந்திருந்தால் பெட் முறுக்கிக்கொண்டு கேரேஜை (டூலைத் தாங்கிப் பெட்டில் ஓடும் பகுதி) உங்கள் பக்கம் சாய்க்கும். டூல் வேலையை விட்டு விலகுவதால்தான் விட்டம் கூடுகிறது. கால்களைச் சரிசெய்தும் வித்தியாசம் மாறவில்லை என்றால் பெட் தேய்மானமோ ஹெட் ஸ்டாக் (ஸ்பிண்டிலைத் தாங்கும் பெட்டி) கோணலோ காரணமாக இருக்கலாம். இரண்டில் எது என்று இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது.

நம் மண்ணைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். காவிரி டெல்டாவின் களிமண் கோடையில் சுருங்கி வெடிப்பு விடும், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் குடித்து உப்பும். அதன்மேல் நேராகப் போட்ட மெல்லிய சிமென்ட் தரையும் கூடவே ஏறி இறங்கும். பங்குனியில் சரியாக லெவல் வைத்த லேத் மார்கழியில் டேப்பர் (ஒரு முனை பருத்த சரிவு) கடைவதற்கு இது போதும். லேத் நிற்கும் இடத்தில் மட்டும் களிமண்ணை எடுத்துவிட்டு, மணலும் சல்லியும் போட்டு இடித்து, கம்பி கட்டிய கான்கிரீட் படுகை போடுங்கள். சுற்றியுள்ள தரையோடு அது ஒட்டாமல் இடைவெளி விடுங்கள். கால்களுக்கு அடியில் இரும்புத் தகடும், உயரம் திருத்தும் போல்ட்டும் இருக்கட்டும். சம்பா அறுவடை முடிந்த மாசி பங்குனியில் செய்தால், மேட்டூர் திறப்பை ஒட்டிப் பம்ப் வேலைகள் குவிவதற்குள் இயந்திரம் நின்றுவிடும். முதல் மழைக்காலம் கழிந்ததும் இரண்டு வளையச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். எந்தக் கடையில் வாங்கும் சாமானும் இந்தப் படுகைக்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

ஸ்பிண்டிலையும் அதே நாளில் பாருங்கள். ஹெட் ஸ்டாக்கில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) நிறுத்தி, முள்ளைச் சக்கின் கழுத்தில் வைத்து, சக்கில் பிடித்த கம்பியைக் கட்டையால் நெம்பித் தூக்குங்கள். கன்மெட்டல் புஷ் (தண்டு சுழலும் உறை) உள்ள ஸ்பிண்டிலில் 0.02 முதல் 0.03 மி.மீ. ஆட்டம் இயல்பு. 0.05 வரை வேலை ஓட்டலாம். 0.1 என்றால் எதை மாட்டினாலும் வேலையில் அலை விழும். பிளந்த புஷ்ஷாக இருந்தால் இடையில் வைத்த ஷிம் என்ற மெல்லிய தகடுகளில் ஒன்றை எடுத்து இறுக்கினாலே பல நேரம் சரியாகிவிடும்.

இனி சாமான்கள். நீங்கள் கேட்ட மூன்றிலும் இல்லாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன், காரணம் அது உயிர் சம்பந்தப்பட்டது. பழைய லேத்துகளில் சாதாரணக் கத்தி சுவிட்சோ, திருகும் சுவிட்சோதான் இருக்கும். கரண்ட் போய்விட்டால் நாம் சுவிட்சை மறந்துவிட்டு சக்கில் கைவைத்து வேலையைத் திருப்பிப் பார்ப்போம். கரண்ட் வந்ததும் இயந்திரம் தானாக ஓடும். நோ வோல்ட் காயில் உள்ள டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் இதைத் தடுக்கும், மறுபடி பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் ஓடும். கூடவே கைக்கு எட்டும் இடத்தில் ஒரு காளான் தலை சிவப்பு பட்டன் வையுங்கள். பெல்ட்டுக்கும் கியருக்கும் தகட்டு மூடி போடுங்கள். தோளில் துண்டு போட்டுக்கொண்டோ, வேட்டி லுங்கியோடோ, கையுறையோடோ லேத் முன்னால் நிற்கவே நிற்காதீர்கள். நம் பக்கத்தில் தோள்துண்டு பழக்கம் ஊறியது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

வி.எஃப்.டி. உங்களுக்குத் தேவைதான், ஆனால் பெல்ட்டே மாற்ற வேண்டாம் என்று வீடியோக்களில் சொல்லும் காரணத்துக்காக அல்ல. சிங்கிள் ஃபேஸில் உங்கள் த்ரீ ஃபேஸ் மோட்டாரை ஓட்ட அது நேர்த்தியான வழி. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் திருப்பு விசை நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும், கடைந்த பரப்பில் அது சில சமயம் தெரியும். த்ரீ ஃபேஸ் மோட்டார் சீராகத் திருப்பும். ஆனால் 230 வோல்ட் வாங்கும் வி.எஃப்.டி. 230 வோல்ட்தான் கொடுக்கும். நம் நாட்டில் சிறிய மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட் ஸ்டார் இணைப்பில் இருக்கும். நேம் பிளேட்டில் அப்படி இருந்து, டெர்மினல் பெட்டியில் ஆறு முனைகளும் வெளியே வந்திருந்தால், இணைப்புத் தகட்டை மாற்றிப் போட்டு டெல்டா இணைப்பாக்கி 240 வோல்ட்டில் ஓட்டலாம். மூன்று முனைதான் வெளியே இருக்கிறது என்றால் காயில் கட்டுபவரிடம் கொடுத்து உள்ளே இருக்கும் ஸ்டார் முடிச்சைப் பிரித்து வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும். மிகப் பழைய வைண்டிங் வி.எஃப்.டி. வெட்டிவெட்டி அனுப்பும் மின்னழுத்தத்தை எத்தனை காலம் தாங்கும் என்பது வைண்டிங்கின் நிலையைப் பொறுத்தது. காப்புத் தடையை அளந்து பார்க்காமல் இணைக்க வேண்டாம்.

வி.எஃப்.டி. வந்தால் பெல்ட் மாற்றவே வேண்டாம், பேக் கியரைக் கழற்றிப் போட்டுவிடலாம் என்று சொல்வார்கள். அது தவறு. 50 ஹெர்ட்ஸில் 1 ஹெச்.பி. கொடுக்கும் மோட்டார் 25 ஹெர்ட்ஸில் அதே திருப்பு விசையோடு அரை ஹெச்.பி.தான் கொடுக்கும். பேக் கியர் வேகத்தை ஆறில் ஒரு பங்காகக் குறைத்தால் திருப்பு விசையை ஏறக்குறைய ஆறு மடங்காக்கும். பவர் டில்லர் வீலின் பெரிய வார்ப்பு முகத்தை மெதுவாகக் கடைய அந்த விசைதான் வேண்டும். மேலும் மோட்டாரின் விசிறி அதே தண்டில் இருப்பதால், 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் சுமையோடு ஓட்டினால் மோட்டார் சூடேறும். ஆகவே பெல்ட் படியையும் பேக் கியரையும் வைத்துக்கொள்ளுங்கள், இடையில் உள்ள நுணுக்கமான வேகத்துக்கு மட்டும் வி.எஃப்.டி.யைத் திருப்புங்கள்.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது, வி.எஃப்.டி. விற்பவர்கள் அநேகமாகச் சொல்வதில்லை. உங்கள் சக்கு மரையில் ஏறி நிற்கிறது. முன்னோக்கி ஓடும்போது வெட்டு விசை அதை இறுக்கும். வி.எஃப்.டி. ஸ்பிண்டிலைத் திடீரென்று நிறுத்தினால் ஸ்பிண்டில் நிற்கும், கனமான சக்கு நிற்காது, மரையைக் கழற்றிக்கொண்டு பெட்டில் விழும். நிறுத்தும் நேரத்தை 8 முதல் 10 நொடி வரை வையுங்கள், அல்லது தானாக ஓடி நிற்கும்படி அமைத்துவிடுங்கள். ரிவர்ஸில் உலோகம் வெட்டவே கூடாது. பழைய ரிவர்ஸ் ஃபார்வர்டு கைப்பிடியை வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவிடாதீர்கள், ஓட்டத்தில் திருப்பினால் வி.எஃப்.டி. போய்விடும். அதைக் கழற்றிக் கட்டுப்பாட்டு வயருக்கு மட்டும் பயன்படுத்தலாம். வி.எஃப்.டி. போட்டபின் மேலே சொன்ன ஸ்டார்ட்டர் மோட்டார் வழியில் வராது. அந்தப் பாதுகாப்பை அழுத்தி விடும் ஸ்டார்ட், ஸ்டாப் பட்டன்களாலும், கரண்ட் வந்ததும் தானே ஓடாதபடி வைக்கும் அமைப்பாலும் பெற வேண்டும். எர்த் சரியாக இருக்கட்டும். இணைப்பு பட்டறைக்கு உரியதாக இருக்கட்டும், பக்கத்து வயல் மோட்டாரின் இலவச இணைப்பிலிருந்து இழுப்பது சட்டப்படி குற்றம்.

பணம் சம்பாதித்துக் கொடுக்கப்போவது சக்கு. பம்ப் ஷாஃப்ட் வேலையில் பழைய தண்டின் பேரிங் உட்காரும் இடம் புதிதாகக் கடையும் பகுதியோடு ஒரே மையத்தில் ஓட வேண்டும். தேய்ந்த மூன்று தாடை சக்கு 0.1 மி.மீ. ஆட்டம் கொடுத்தால் அந்த பம்ப் ஒரு போகத்துக்குள் சீலைத் தின்றுவிடும். நான்கு தாடை டாக் சக்கும் ஒரு டயல் கேஜும் இருந்தால் ஆட்டத்தை 0.01 மி.மீ. வரை நீங்களே கொண்டுவரலாம். முதல் வாரம் ஒவ்வொரு உருப்படிக்கும் நேரம் பிடிக்கும், பிறகு கை பழகிவிடும். டாக் சக்கு மாமாவிடம் இல்லையென்றால் அதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். பேக் பிளேட்டை (சக்கை ஸ்பிண்டிலோடு இணைக்கும் தட்டு) தயாராக வாங்காமல் வார்ப்புத் துண்டு வாங்கி உங்கள் லேத்திலேயே செய்யுங்கள். சக்கில் பிடித்து உள்மரை வெட்டி, ஸ்பிண்டில் மூக்கின் தோளில் பிளேட்டின் முகம் முழுதும் உட்காருகிறதா என்று மையைத் தடவிப் பாருங்கள். அப்புறம் அதை ஸ்பிண்டிலில் ஏற்றி, அந்த நிலையிலேயே முகத்தையும் சக்கு உட்காரும் படியையும் கடைசி ஓட்டம் ஓட்டுங்கள். தன் ஸ்பிண்டிலிலேயே கடைந்த பேக் பிளேட் அந்த ஸ்பிண்டிலோடு மையம் தவறாது. இதே முறையில் ஈ.ஆர்.32 காலெட் சக்கும் பொருத்தலாம், 20 மி.மீ. வரையிலான கம்பிகளை அது கீறாமல் பிடிக்கும். விளக்கின் சின்ன மரைத் துண்டுகளுக்கு மிக வசதி.

டூல் போஸ்ட் விஷயத்தில் என் கருத்தோடு பலர் மாறுபடுவார்கள். க்விக் சேஞ்ச் நேரத்தை மிச்சப்படுத்துவது உண்மை. ஆனால் டூலை காம்பவுண்ட் ஸ்லைடின் (டூல் போஸ்ட் உட்காரும், கோணம் திருப்பக்கூடிய மேல் ஸ்லைடு) நடுவிலிருந்து இன்னும் வெளியே தள்ளி நிறுத்துகிறது. காம்பவுண்ட் ஏற்கெனவே லொடலொடப்பாக இருந்தால் அதிர்வு கூடும். ஒரே உருப்படியில் நாலைந்து டூல் மாற்றும் வேலைக்கு அது லாபம். ரிப்பேர் பட்டறைக்கு நாலு பக்க டூல் போஸ்ட்டும், ஒவ்வொரு டூலுக்கும் உயரம் பார்த்துச் சேர்த்துக் கட்டிவைத்த பேக்கிங் தகடும் போதும் என்பேன். அதைவிடப் பெரிய பலன் தருவது, காம்பவுண்டைக் கழற்றிவிட்டு அதே உயரத்துக்கு ஒரு கெட்டியான வார்ப்புக் கட்டையைக் கிராஸ் ஸ்லைடில் இறுக்கி அதன்மேல் டூல் போஸ்ட் வைப்பது. உருப்படியைத் துண்டிக்கும் பார்ட்டிங் டூல் கத்துவதும் உள்ளே கவ்வுவதும் இதில் பெரிதும் அடங்கும். டேப்பர் கடைய வேண்டிய நாளில் காம்பவுண்டைத் திருப்பி மாட்டிக்கொள்ளலாம்.

கார்பைடு டிப் வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். 25 மி.மீ. மைல்ட் ஸ்டீல் கம்பியை ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலில் நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் கடைய ஸ்பிண்டில் 380 சுற்று ஓடினால் போதும். கார்பைடுக்கு 120 மீட்டர் என்று வைத்தால் 1,500 சுற்றைத் தாண்ட வேண்டும். புஷ் ஸ்பிண்டிலுக்கு அது தாங்காது. நன்றாகத் தீட்டிய ஹெச்.எஸ்.எஸ். பிட் உங்கள் லேத்துக்கு இயல்பான டூல். பித்தளைக்கு மேல் சரிவு இல்லாமல் தட்டையாகத் தீட்டுங்கள். இரும்புக்குத் தீட்டிய டூலைப் பித்தளையில் வைத்தால் தானாக உள்ளே இழுத்துக்கொண்டு உருப்படியைக் கெடுத்துவிடும். நாச்சியார்கோவில் விளக்கு தனித்தனியாக வார்த்துக் கடைந்து மரையில் சேர்ப்பது என்பதால், ஒரு தண்டு கெட்டாலும் முழு ஜோடியும் நின்றுபோகும்.

டி.ஆர்.ஓ. நல்ல சாமான். ஸ்க்ரூவின் பேக்லாஷை (வெற்று ஆட்டம்) தாண்டி ஸ்லைடு உண்மையில் எவ்வளவு நகர்ந்தது என்று அது காட்டும். பெட் தேய்மானத்தையோ, டூல் வளைவதையோ அது காட்டாது. திரையில் 5 மைக்ரான் தெரிகிறது என்பதால் வேலையும் 5 மைக்ரானில் வரும் என்று அர்த்தமில்லை. பணம் மிஞ்சினால் கிராஸ் ஸ்லைடுக்கு மட்டும் போடுங்கள். அதுவரை 30 மி.மீ. ஓடும் டயல் கேஜ் ஒன்றைக் கேரேஜுக்கு எதிரே பெட்டில் கவ்வி வைத்தால் நீள அளவு போதுமான துல்லியத்தில் கிடைக்கும்.

அங்குல லீட் ஸ்க்ரூவில் மெட்ரிக் மரை வெட்ட 127 பல் கியர் வேண்டும். ஒரு அங்குலம் 25.4 மி.மீ., அதாவது 127ஐ ஐந்தால் வகுத்தது. அதனால்தான் அந்த எண். 127 பெரிய கியர், சில லேத்துகளின் கியர் மூடிக்குள் அடங்காது. அப்போது 80 பல்லையும் 63 பல்லையும் சேர்த்துப் போடலாம். 1.27க்குப் பதில் 1.2698 வரும். ஒரு மீட்டரில் 0.125 மி.மீ. பிசகு, 30 மி.மீ. நட்டு மரையில் அது கணக்கிலேயே வராது. ஆனால் மெட்ரிக் மரை வெட்டும்போது ஹாஃப் நட்டை (கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு கவ்வும் நட்டு) திறக்காதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டூலை வெளியே இழுத்து, சக்கைக் கையாலோ மிக மெதுவான ரிவர்ஸிலோ திருப்பிக் கொண்டுவர வேண்டும். கியரைக் கோயம்புத்தூரில் வெட்டித் தருவார்கள். பழைய கியர் ஒன்றை மாதிரிக்குக் கூடவே அனுப்புங்கள், பல் அளவு தப்பாது.

பட்டறையில் நீங்களே செய்துகொள்ள வேண்டிய ஒன்று கீ வே (தண்டோடு பூட்டும் கீ உட்காரும் பள்ளம்) வெட்டும் நெம்புகோல் ஸ்லாட்டர். ஸ்ப்ராக்கெட், கப்ளிங், புல்லி என்று வருவதில் பாதிக்கு உள்ளே கீ வே வேண்டும். பலர் கேரேஜ் சக்கரத்தையே முன்னும் பின்னும் தள்ளி வெட்டுவார்கள். ரேக்கும் பினியனும் அதற்காகச் செய்தவை அல்ல, சீக்கிரம் பல் போகும். கிராஸ் ஸ்லைடில் இறுக்கிய ஒரு வழிகாட்டிக்குள் சறுக்கும் தண்டும், அதை இழுக்கும் நீண்ட கைப்பிடியும் இருந்தால் போதும். ஒரு இழுப்புக்கு 0.05 மி.மீ. வீதம் எடுங்கள். ஸ்டெடி ரெஸ்ட் (நீண்ட தண்டைத் தாங்கிப் பிடிக்கும் முட்டு) இல்லையென்றால் அதையும் செய்துவிடுங்கள், நீண்ட ஷாஃப்ட்டின் முனையில் வேலை செய்ய வேறு வழியில்லை. டூல் போஸ்ட் கிரைண்டர் மட்டும் வேண்டாம். எவ்வளவு மூடினாலும் கல் தூள் பெட்டில் விழுந்து எண்ணெயோடு சேர்ந்து கேரேஜ் சறுக்கும் பரப்பைத் தேய்க்கும்.

புஷ்ஷை எடுத்துவிட்டு டேப்பர் ரோலர் பேரிங் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். செய்து வெற்றி கண்டவர்கள் உண்டு. ஆனால் ஹெட் ஸ்டாக்கைத் துல்லியமாகத் துளை குடையும் (போரிங்) இயந்திரம் கிடைத்தால்தான். கொஞ்சம் கோணினால் இருந்த நேர்த்தியும் போகும், திரும்ப வழியில்லை. உங்கள் வேலைக்கு அந்த அபாயம் தேவையில்லை. விற்பதா என்பதற்கும் அளவுதான் பதில். சக்குக்கு முன்னால் இருக்கும் பெட் பகுதியில் தேய்மானம் 0.1 மி.மீ.க்கு மேல் போயிருந்தால் நான் இதில் பெரிய தொகை போடமாட்டேன். பெட்டை கிரைண்டிங் செய்தால் கேரேஜ் கீழே இறங்கும், லீட் ஸ்க்ரூவும் கியர் பெட்டியும் அதற்கேற்பத் திருத்தப்பட வேண்டும், செலவு லேத்தின் விலையையே தாண்டலாம். தேய்மானம் அதற்குள் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் 40,000 ரூபாயில் படுகை, டாக் சக்கு, வி.எஃப்.டி.யும் அதன் பட்டன்களும் என்ற வரிசையில் போங்கள். மிஞ்சியதில் காலெட் சக்கும் கியரும். இரண்டு வளையங்களின் அளவு, ஸ்பிண்டில் தூக்கிய அளவு, மோட்டார் நேம் பிளேட்டில் உள்ள எழுத்து, ஸ்பிண்டில் மூக்கின் வெளிவிட்டமும் ஒரு அங்குலத்துக்கு எத்தனை மரை என்பதும், இவ்வளவையும் எழுதிப் போடுங்கள். பேக் பிளேட்டுக்கு எந்த அளவு வார்ப்பு வாங்குவது, மோட்டாரை டெல்டாவாக்க முடியுமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.